மூன்றுதரம் பார்க்கிற நகுலேஸ்வரன்

“அல்பேட் உன்னிடம் சொன்னதை நீ அவருக்குச் சொன்னாயா?”

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிபோல, வேலைத்தளப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் என்னிடம் இதைக் கேட்டார். நான் அவருடைய காரின் பின்சீட்டில், கதவு திறந்திருக்க, கால்களை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று இரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். கேள்வியும் நன்றாகவே விளங்கியது. ஆனால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பதில் ஒரு சொல்தான். ஆனால் நகுலேஸ்வரன் அங்கிள் யார் என்று தெரியாமல் அந்தச் சொல்லைக் கேட்டால் உங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே முதலில் அவர்.

அவர் 1988இல் மொன்றியலுக்கு வந்தவர். என் அப்பாவும் அவரும் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தார்கள். இறக்கைக்குரிய அலுமினியத் தகடுகளில் துளையிட்டு ரிவெட் ஆணி அறைவது அங்கிளின் வேலை. ஒரு துளையை அளப்பார். திரும்ப அளப்பார். துளையிட்ட பிறகு இன்னொருதரம் அளப்பார். நேரம் போகிறதென்று மேற்பார்வையாளர் கத்துவார். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் அங்கிளின் மேசையிலிருந்து போன தகடு ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை என்று அப்பா சொல்வார். அங்கே வேலை செய்த தமிழர்கள் அவருக்கு வைத்த பட்டம் ‘மூண்டுதரம்’. லாசாலில் அவர் குடியிருந்த கட்டடத்துப் பிள்ளைகளும் அவரை ‘மூண்டுதரம் மாமா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டைப் பூட்டினால் கைபிடியை மூன்றுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

“இந்த மனுசன் என்னையும் மூண்டுதரம் வந்து பாத்திட்டுத்தான் ஓம் எண்டவர்” என்று அவருடைய மனைவி தவமலர் அன்ரி சொல்லுவார்.

“நாலாந்தரம் பாத்திருந்தால் தப்பியிருப்பன்” என்பார் அங்கிள்.

2001 கடைசியில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. அப்பா ஒரு களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனார். அங்கிள் இரும்புக் கொட்டகைகள் பூட்டும் ஒருவரிடம் சேர்ந்தார். மொன்றியலைச் சுற்றியுள்ள பண்ணைகளில் மாட்டுக்கும் டிராக்டருக்கும் கொட்டகை போடுகிற வேலை. மூன்று வருடத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: தன் பெயரில் ஒரு வேலை எடுத்து, தன் பெயரில் அதை முடிக்கவேண்டும். “இது நகுலேஸ்வரன் கட்டினது எண்டு நாலு பேர் சொல்லவேணும், பிள்ளை. அது காணும்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஐம்பத்தோராவது வயதில் அந்த வேலை வந்தது. டொக்டர் பாலகிருஷ்ணன் தமிழ்நாட்டுக்காரர். எழுபதுகளிலேயே இங்கு வந்துவிட்ட இருதய வைத்தியர். அவரிடம் நாலு பேர் இருக்கக்கூடிய சிறிய விமானம் ஒன்று இருந்தது. மொன்றியல் தீவைத் தாண்டி மேற்கே ஒரு மணிநேரம் போனால் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானத்தளம். ஒற்றை ஓடுபாதை, ஒரு மரக் குடிசை, ஒரு கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் செம்மஞ்சள் துணிக்குழாய். அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க அந்த விமானம் வெளியில் பனிக்குள் நின்றது. அதற்கு ஒரு கொட்டகை வேண்டுமென்றார் டொக்டர். அங்கே விமானம் வைத்திருக்கும் வேறு மூன்று பேரும், இது நன்றாக வந்தால் தாங்களும் கட்டுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியை இரண்டாம் தவணையில் விட்டுவிட்டேன். பிறகு ஒரு சப்பாத்துக் கடை, ஒரு குழந்தைகள் காப்பகம், ஒரு தொலைபேசி விற்பனை நிலையம் என்று எதிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கவில்லை. என்னைப் பற்றி வீட்டில் பேச்சு எடுத்தாலே சண்டை. ஒரு நாள் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பார்கவி, உனக்குப் பிரெஞ்சு ஓடும்தானே?”

“ஓடும் அங்கிள்.”

“எனக்கு அது தவழவும் இல்லை. அந்த விமானத்தளத்தைப் பாக்கிற கிழவர் பிரெஞ்சைத் தவிர வேறை ஒண்டும் கதையார். கொங்கிறீட் லொறிக்காரனும் அப்பிடித்தான். நீ வந்து எனக்கு வாயாயும் காதாயும் இருக்கவேணும். சம்பளம் தருவன். ஏலுமோ?”

ஏலும் என்றேன். செப்டெம்பர் தொடக்கத்தில் வேலை தொடங்கியது. எங்களோடு இரண்டு பேர். கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு முப்பது வயதிருக்கும், வாய் மூடமாட்டார். ஞானேந்திரன் அண்ணை அதற்கு எதிர்மாறு, ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினால் பெரிய விசயம்.

விமானத்தளத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர்தான் அல்பேட். எழுபது வயது, சிவப்புத் தொப்பி. குடிசைக்குள் இருந்து ரேடியோவில் விமானங்களோடு கதைப்பார். மற்ற நேரம் எங்கள் பக்கம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது வாரம் மதியம் அவர் என்னைக் கூப்பிட்டு, “மத்மசெல், உங்கள் முதலாளியிடம் சொல்லு. அந்த வடக்கு மூலையில் முன்பு ஒரு வாய்க்கால் இருந்தது. மூடின மண். தூண் நிற்காது” என்றார். அங்கிள் அப்போது காரில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடியட்டும் என்று நான் காத்திருந்து பிறகு சொன்னேன். அவர் உடனே எழுந்து ஒரு கம்பியை எடுத்துப்போய் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அந்த மூலையை இன்னும் மூன்று அடி தோண்டினார்கள். ஒரு நாள் வேலை போயிற்று.

“அண்ணை, இன்னும் கொஞ்சம் தோண்டினால் நரகத்திலை இருக்கிற எங்கடை ஆக்களுக்குக் கை காட்டலாம்” என்றார் கிறிஸ்தோப்பர் அண்ணை.

“நீ அங்கை போய்த்தானே இருக்கப்போறாய், இப்பவே இடம் பிடிச்சு வை” என்றார் அங்கிள். பிறகு என்னிடம் திரும்பினார். சிரிப்பில்லை. “பிள்ளை, அந்தக் கிழவர் இருபது வருசமா இந்த மண்ணையும் காத்தையும் பாத்துக்கொண்டிருக்கிறவர். அவர் ஏதும் சொன்னால் நான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் சொல்லு. ஆரோடை கதைச்சுக்கொண்டு இருந்தாலும் சொல்லு. விளங்கிச்சோ?”

விளங்கியது. இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், எச்சரிக்கை ஒன்று காதில் விழுந்தால் அவர் என்ன செய்வார் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொங்கிறீட் போட்டுக் காய்ந்த பிறகு இரும்புச் சட்டங்களை நிறுத்தவேண்டும். மொத்தம் நாலு சட்டம். ஒவ்வொன்றும் உதைபந்தாட்டக் கோல் கம்பம் மாதிரி, இரண்டு கால், மேலே ஒரு குறுக்கு. அதைவிட மிகப் பெரிது. வழக்கமாகப் பின்பக்கத்துச் சட்டத்தை முதலில் நிறுத்துவார்கள். அடுத்ததை நிறுத்தி இரண்டையும் குறுக்குக் கம்பிகளால் பிணைப்பார்கள். அப்படியே முன்னுக்கு வந்து, விமானம் உள்ளே போகிற வாசல் சட்டத்தைக் கடைசியில் நிறுத்துவார்கள். அப்போது அது மற்ற மூன்றிலும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

செப்டெம்பர் இருபதுக்கே எல்லாம் தயார். டொக்டரின் மனைவி அம்புஜம் அம்மாதான் பொறுக்கச் சொன்னார். அவர் கிழமைக்கு இரண்டுமுறை வருவார். எங்கள் நாலு பேருக்கும் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் சுடச்சுடக் கொண்டுவருவார். நல்ல மனுசி, இதை நான் கட்டாயம் சொல்லவேண்டும்.

“புரட்டாசியில எதையும் நிறுத்த வேணாம், நகுலேஸ்வரன். ஐப்பசி பொறக்கட்டும். சரி, நிலை எப்ப வைக்கறீங்க?”

“இதுக்கு நிலை இல்லை அம்மா. முன்பக்கம் முழுக்கக் கதவுதான்.”

“அந்தக் கதவுக்கு மேல ஒரு உத்தரம் வருதே, அதுதான் நிலை. ஒரு கட்டடம்னா வாசக்காலைத்தானே மொதல்ல நிறுத்தணும்? நல்ல நேரம் பாத்து அதை வச்சு, பூஜை பண்ணி, வலது கால வச்சு உள்ள போகணும். அப்புறம் மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

டொக்டர் தலையைச் சொறிந்தார். “எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா மேல பறக்கறது நான், கீழ உக்காந்து பயப்படறது அவ. அவ மனசு நிம்மதியா இருந்தா போதும். முடியும்னா பண்ணுங்க. முடியாதுன்னா நான் அவகிட்ட பேசிக்கறேன்.”

அங்கிள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மூன்று நாள் எடுத்தார். ஒரு கொப்பியில் படம் கீறிக் கணக்குப் பார்த்தார். வாசல் சட்டம் தனியே நிற்பதானால் நாலு கேபிள் வேண்டும், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் நிலத்தில் ஒரு கொங்கிறீட் கட்டியில் பிணைக்கவேண்டும். “நாலு கேபிள் போட்டால் நிக்கும்” என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “என்ரை முதல் வேலை பிள்ளை. நல்ல நேரத்திலை துவங்கினால் எனக்கும் நல்லதுதானே” என்றார்.

நான் அம்புஜம் அம்மா நிற்கும்போதே, “விழுந்திட்டால் அங்கிள்?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது காரில் அங்கிள் பாட்டை நிறுத்தினார். பிறகு சொன்னார்: “ஒரு நல்ல காரியம் செய்யப் போகேக்கை அந்தச் சொல்லு வாயிலை வரக்கூடாது. வீட்டிலை உனக்கு ஒருதரும் சொல்லித் தரேல்லையோ?” அவர் என்னை ஏசியது அந்த ஒருமுறைதான். எனக்கு முகம் எரிந்தது.

ஐப்பசி பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தரையிலிருந்து பதினொன்றரைவரை நல்ல நேரம் என்று அம்புஜம் அம்மா பார்த்து வைத்தார். டொக்டரின் நண்பர்கள் பதினைந்து இருபது பேர் வந்தார்கள். மடக்கு மேசையில் கேசரி, சுண்டல், பெரிய பிளாஸ்கில் கோப்பி. வெயில் எறித்தது. துணிக்குழாய் நனைந்த சேட்டுக் கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் லொறியில் பூட்டிய சின்னக் கிறேனைக் கொண்டுவந்தார். பத்தே முக்காலுக்குச் சட்டம் எழுந்து தன் கால்களில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். பின்பக்கத்துக் கேபிள் இரண்டையும் பிணைத்தார்கள். அங்கிள் அவற்றை இழுத்துப் பார்த்தார், மூன்றுதரம்.

“அண்ணை, ஐயர் வரேல்லை எண்டு மந்திரமும் நீங்கள்தான் சொல்லப்போறியளோ?” என்றார் கிறிஸ்தோப்பர் அண்ணை. அங்கிள் நெற்றி நிறைய விபூதி பூசி அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்டிருந்தார்.

“உனக்கு ஞானஸ்நானம் தந்த பாதர் பாவம். வாயைக் கழுவ மறந்திட்டார்.”

அப்போது அம்புஜம் அம்மா மேலே பார்த்தார். கிறேனின் கயிறும் கொக்கியும் உத்தரத்தின் நடுவில் தொங்கின. “என்னங்க அது, தூக்குக் கயிறு மாதிரி? அதைக் கழட்டிடுங்க, நல்லாவே இல்ல.” அங்கிள் யோசித்தார். கேபிள் இரண்டு பின்னால் இருக்கிறது, காற்று இல்லை. கழற்றச் சொன்னார். முன்பக்கத்துக் கேபிள்கள் போகவேண்டிய இடத்தில்தான் கோலம் போட்டுக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். ஆட்கள் தடக்கி விழுவார்கள். “பூசை முடிஞ்ச உடனை போடுவம். அரை மணித்தியாலம்தானே” என்றார். இது அவர் விட்ட பிழை. நான் அதை மறைக்கவில்லை, அவரும் ஒருபோதும் மறைக்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அல்பேட் குடிசையிலிருந்து வேகமாக வந்தார். நேரே என்னிடம்தான் வந்தார்.

“மத்மசெல், வடமேற்கிலிருந்து காற்று வருகிறது. கடும் காற்று. ரேடியோவில் சொல்கிறார்கள், மத்தியானத்துக்கு முன்னமே இங்கு வந்துவிடும். அந்த இரும்புக்கு முன்பக்கம் ஒரு கயிறுகூட இல்லையே! இப்போதே கட்டச் சொல்லு, அல்லது இறக்கச் சொல்லு. அது விழும். விளங்குகிறதா? விழும்.”

“விளங்குகிறது” என்றேன்.

“உடனே சொல்லு. ஒரு பயிற்சி விமானம் மேலே நிற்கிறது, நான் அதை இறக்கவேண்டும்.” அவர் திரும்பிக் குடிசைக்கு ஓடினார்.

நான் அங்கிளிடம் போனேன். இருபது அடி தூரம். அம்புஜம் அம்மா கற்பூரம் கொளுத்தத் தட்டை எடுத்திருந்தார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அங்கிள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தபடி நின்றார். அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னைக் கண்டு மெல்லக் குனிந்தார்.

“அல்பேட் என்னவாம்?”

வாயில் அந்தச் சொல் நின்றது. விழும். இந்த நேரத்தில், இந்த அம்மாவுக்குப் பக்கத்தில், அந்தச் சொல்லையா? துணிக்குழாயைப் பார்த்தேன். அசையவில்லை. பத்து நிமிடத்தில் பூசை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“ஒண்டுமில்லை அங்கிள். பிறகு சொல்லுறன்.”

அவர் தலையாட்டிவிட்டுக் கற்பூரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

பத்து நிமிடத்தில் முடியவில்லை. ஆளாளுக்குத் தீபம் காட்டினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு வலது காலை வைத்து ஒவ்வொருவராக அந்தச் சட்டத்துக்குக் கீழால் உள்ளே போனார்கள். நான் கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். தற்செயலாகத் திரும்பியபோது கம்பத்தில் துணிக்குழாய் நேராக, கம்பிபோல நின்றது. மேசையிலிருந்த கடதாசித் தட்டுகள் எல்லாம் ஒரேயடியாகப் பறந்தன. நான் “அங்கிள்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் எனக்கு முன்னமே ஓடத் தொடங்கிவிட்டார். “வெளியிலை! எல்லாரும் வெளியிலை!” என்று கத்தினார். காற்று முன்பக்கத்திலிருந்து அடித்தது, அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாததால் சட்டம் பின்னோக்கிச் சாய்ந்தது. பின்பக்கத்துக் கேபிள்கள் தொய்ந்து புல்லில் விழுந்தன. ஆட்கள் பக்கவாட்டில் சிதறி ஓடினார்கள். அம்புஜம் அம்மா மட்டும் உள்ளே விளக்கு வைப்பதற்குக் குனிந்திருந்தார். அங்கிள் அவரைத் தோளில் பிடித்துத் தள்ளினார். அந்த அம்மா உருண்டு போய் விழுந்தார். குறுக்கு உத்தரம் அங்கிளின் இடுப்பில் விழுந்தது.

சத்தம் பெரிதாக இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. ஞானேந்திரன் அண்ணைதான் முதலில் ஓடிப்போய் அவருடைய தலையை மடியில் வைத்தார். டொக்டர் முழந்தாளிட்டு நாடி பார்த்தார். அங்கிளுக்கு நினைவு இருந்தது. “ஆருக்கும் காயமோ? ஆருக்கும் காயமோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “ஞானம், என்ரை காலை ஆரும் தூக்கி வைச்சவையோ? எங்கை இருக்கெண்டு தெரியேல்லை” என்றார்.

முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்றார்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அல்பேட் அவரிடம், தான் என்னிடம் சொன்ன நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அன்றைக்கு வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்து, “நீயே கேள்” என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவருடைய கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“அங்கிள், விமானத்தளத்து அல்பேட் காத்தைப் பற்றிச் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறார்.”

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வாரத்தில் யாரோ அவருக்கு விசயத்தைச் சொல்லியிருக்கவேண்டும்.

“ஓம். பிள்ளை வந்து சொன்னவ. வடிவாச் சொன்னவ. நான்தான் பூசை முடியட்டும் எண்டு விட்டனான். உப்பிடியே சொல்லு.”

நான் அதிகாரியின் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லன். பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரி எழுதினார். மூடிய பேனையால் தாளை இரண்டுமுறை தட்டிவிட்டு, “மெர்சி” என்று போய்விட்டார்.

“ஏன் அங்கிள்?”

“உனக்குப் பத்தொன்பது வயசு. நான் இனிக் கிடக்கப் போறவன். கிடக்கிறவனுக்குப் பேர் ஒரு கேடோ?” என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, “தவமலருக்கும் சொல்லாதை. அவவுக்கு ஒளிக்கத் தெரியாது. நான் இருக்குமட்டும் சொல்லாதை” என்றார்.

நான் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

கதை எங்கள் ஆட்களுக்குள் ஒரு மாதத்தில் பரவியது. மூன்றுதரம் பார்க்கிற நகுலேஸ்வரன் எச்சரித்தும் கேட்காமல் இரும்பை நிறுத்தினாராம், மண்டைக்கனமாம், பெரிய ஆக்களுக்கு முன்னால் எடுப்புக் காட்டப் போனவராம். அந்தக் கொட்டகையை அடுத்த கோடையில் வேறொரு கொம்பனி வந்து முடித்தது. கிறிஸ்தோப்பர் அண்ணை வருவதை நிறுத்தினார். “எங்களையும் சேத்தல்லோ சாக்காட்டப் பாத்தவர்” என்று அவர் ஒரு கடையில் சொன்னதை நானே கேட்டேன். அம்புஜம் அம்மா மட்டும் மாதம் ஒருமுறை வந்து கட்டிலடியில் இருந்து அழுதுவிட்டுப் போவார். அவரும் ஒருநாள் கேட்டார், “சொன்னாங்கல்ல நகுலேஸ்வரன், ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானே பூஜையை நிறுத்தியிருப்பேனே.” அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது தவமலர் அன்ரியின் கேள்விதான். அவர் காலையில் ஒரு துப்புரவு வேலை, பின்னேரம் இன்னொன்று. இடையில் வந்து அங்கிளைக் கழுவித் துடைத்து, புரட்டிப் படுக்கவைப்பார். புரட்டும்போதெல்லாம் கேட்பார். “ஏனப்பா கேக்கேல்லை? சொன்னவைதானே? ஒருக்கால் கேட்டிருந்தால் என்னப்பா?” கோபமாக அல்ல, பாரம் தூக்குகிறவர்கள் மூச்சுவிடுவதுபோல. அங்கிள், “கையை எடு, நோகுது” என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதை நான் கேட்டதில்லை.

நான் முதலில் சனிக்கிழமை தவறாமல் போனேன். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. போனால் அவருடைய கட்டில் ஜன்னலோரம் இருக்கும். டோர்வால் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் லாசாலுக்கு மேலால் போகும். “உந்த இறக்கையிலை என்ரை ஆணி இருக்கும்” என்று காட்டுவார். கொட்டகை முடிந்ததும் தன் விமானத்தில் மேலே கூட்டிப்போவதாக டொக்டர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை.

2007 பெப்ரவரியில் படுக்கைப் புண்ணில் கிருமி ஏறி அங்கிள் இறந்துபோனார். சவச்சாலையில் கோப்பி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்: “பேர் என்னவோ மூண்டுதரம். ஒருதரம் சொன்னது காதிலை ஏறேல்லை.” மற்றவர் சிரித்தார். பிறகு இடம் ஞாபகம் வந்து வாயைப் பொத்தினார். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே பனிக்குள் போய் நின்றேன். அவர் இருக்கும்வரை சொல்லாதே என்றுதான் சொன்னார். அவர் இப்போது இல்லை. அப்படியிருந்தும் எனக்கு வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் தவமலர் அன்ரியிடம் போனேன். அவர் அங்கிளின் சேட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கற்பூரம், துணிக்குழாய், ‘ஒண்டுமில்லை அங்கிள்’, ஆஸ்பத்திரி. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஆறேழு சேட்டு மடித்த பிறகுதான் பேசினார்.

“ரெண்டு வருசம் நாலு மாசம். ஒவ்வொரு நாளும் அந்த மனுசனைக் கேட்டனான். கழுவேக்கை, சோறு தீத்தேக்கை… வாய் திறந்தவரோ?”

“அன்ரி, என்னை…”

“மன்னிப்புக் கேக்காதை. என்னட்டை அது இல்லை.” ஒரு சேட்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்து அதையும் மடித்தார். “எனக்குச் சொல்லி இனி என்ன? நான் அவரோடை இனிக் கதைக்கப் போறனோ? போ. அந்தக் கதை கதைச்ச ஆக்களுக்குப் போய்ச் சொல்லு.”

போனேன். அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அம்புஜம் அம்மாவிடம் சொன்னேன். ஞானேந்திரன் அண்ணையிடம் சொன்னேன், “எனக்குத் தெரியும்” என்றார் அவர், அவ்வளவுதான். கிறிஸ்தோப்பர் அண்ணை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்று கேட்டார். நான் முடித்த பிறகு, “அண்ணையிட்டை நான் ஒருக்காலாவது போயிருக்கலாம்” என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்தினார். ஆனால் கதை அதற்குள் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. என்னைத் தெரியாதவர்கள், அவரைப் பார்த்தே அறியாதவர்கள்கூட அதைச் சொல்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருடைய கதவையும் என்னால் தட்ட முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். விமானக் கொட்டகை கட்டப்போய் முதுகு முறிந்த நகுலேஸ்வரனைப் பற்றி யாராவது உங்களுக்கு முன்னால் கதைத்தால், சொல்லியும் கேட்காத மனிதர் என்று சொன்னால், தயவுசெய்து இடையில் மறித்து இதைச் சொல்லுங்கள். இல்லை, அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ‘என்னவாம்’ என்று அவர் கேட்டார். சொல்லவேண்டியவள் பக்கத்தில் நின்றும் சொல்லவில்லை. அவளுடைய பெயர் பார்கவி. பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.